நிலக்காப்புக்குச் சர்க்கார் பணமும் குடியானவர் மனமும்

நம் குலத்தாருட் பெரும்பாலோர் உழுதுண்டு வாழ்ந்த குடிகளின் வழிவந்தோரேயாவர். இன்று உத்தியோகம், வர்த்தகம், கைத்தொழில் எனப் பல துறைகளிற் புகுந்து பட்டணவாசிகளாகிவிட்டோரும், தம் பாட்டனார் பெயரில் ஒரு சிறு பட்டாவேனும் இருந்த செய்தியை வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பர். ஆதலின், உழவரைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு பழியை இம்மாதம் ஆராயத் துணிந்தோம்.

அப்பழி யாதெனின், நிலத்தைக் காக்கவும் திருத்தவும் சர்க்கார் பணம் கொடுக்க முன்வந்தாலும் குடியானவன் அதனை வாங்கிப் பயன்கொள்ள அறியான் என்பது. இதற்கு அறியாமை, சோம்பல், பழமையில் உள்ள பிடிவாதம் என்னும் மூன்றையும் காரணமாகக் கூறுவர். கச்சேரியில் இருந்தோர் நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வாறு கூறி வந்தனர். படித்த நம் பிள்ளைகளிலும் சிலர் இன்று அதையே கூறுகின்றனர். சரித்திரத்தை நோக்கின் இஃது அரைகுறையான தீர்ப்பே என்பது விளங்கும். குடியானவன் பணத்தை வெறுத்தவனல்லன். அப்பணத்தின் பின்னே வந்தவற்றைக் கண்டு அஞ்சியவன். ஆயினும் அவன்மேலும் குற்றம் இல்லாமலில்லை. இரண்டையும் ஒளியாது உரைப்போம்.

நிலக்காப்பு என்பது நம் நாட்டில் வரப்போடு நிற்பதன்று. மழை ஒரு சில வாரங்களிற் பெருவாரியாய்ப் பெய்து ஓடிவிடும் சீமை நம்முடையது. ஓடும் நீர் மேல்மண்ணையும் உடன்கொண்டு போகும். அந்நீரைத் தடுத்து நிறுத்துவது ஏரி. அது கொண்டுவந்த மண்ணே ஏரியின் அடியில் வண்டலாய்ப் படிகிறது. கோடையில் அவ்வண்டலை வண்டியிலேற்றி மறுபடியும் வயலிற் கொட்டுவது நம் முன்னோர் வழக்கம். எனவே ஏரிக்கரை, வரத்துக்கால், கலிங்கு, கிணறு, வரப்பு ஆகிய யாவும் சேர்ந்ததே நம் நாட்டு நிலக்காப்பு.

பண்டைக்காலத்தில் இக்காரியத்திற்கு முதல் எங்கிருந்து வந்தது? உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களிற் சோழன் முதற் பராந்தகன் காலத்து ஏற்பாடு தெளிவாய்க் காணப்படுகிறது. கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அச்சாசனங்கள், குடவோலையினால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று இருந்ததைக் கூறுகின்றன. பல ஊர்களில் ஏரிப்பட்டி எனத் தனியே நிலம் விடப்பட்டு, அதன் வருவாய் ஏரியின் பராமரிப்பிற்கே செலவாயிற்று. ஊரார் ஆண்டுதோறும் கூடிக் கரைக்கு மண்ணிட்டுக் கால்வாயைத் தூரெடுத்த வழக்கமே பிற்காலத்திற் குடிமராமத்து எனப் பெயர் பெற்றது.

இதனை ஒரு பொற்காலமெனப் புகழ்ந்து கூத்தாடுவோர் பலர். நாம் அவ்வாறு செய்யோம். உத்தரமேரூர் வாரியத்திற்கு நிற்பவர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவராயிருத்தல் வேண்டும் என்பதும் அதே சாசனத்திலுள்ள விதி. பொது வேலை எனச் சொல்லப்பட்டதில், நிலமுடையவர் தம் பண்ணையாட்களை அனுப்பிவிட்டுக் கரைமேல் நின்றிருந்த ஊர்களும் உண்டு. மண் சுமந்த தலை ஒன்று, நீர் பாய்ந்த வயல் மற்றொருவனுடையது. இதை மறந்து பழமையைப் போற்றுதல் நேர்மையாகாது. ஆயினும் ஒன்று மெய்: முதலும், அதனைச் செலவிடும் அதிகாரமும், செலவின் பயனும் ஓரூர் எல்லைக்குள்ளேயே நின்றன.

கும்பினி ஆட்சி வந்தபின் இந்நிலை மாறியது. 1792இல் பாரமகாலில் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரும் அவர்கீழ் உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் தொடங்கி, பின்னர் மன்றோ சென்னைக் கவர்னராயிருந்த 1820 முதல் 1827 வரையிலான காலத்தில் வலுப்பெற்ற ரயத்துவாரி முறையினால், ஒவ்வொரு குடியும் தன் தீர்வையை நேரே சர்க்காருக்குச் செலுத்துபவனானான். இடைத்தரகர் ஒழிந்தது நன்மையே. ஆனால் ஊர்ப்பொதுவில் நின்று ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த வருவாயிற் பெரும்பகுதி கஜானாவுக்குத் திரும்பியது. வருவாய் போனபின் பொறுப்பு மட்டும் ஊரில் நிற்குமோ? 1850களில் ராணுவ எஞ்சினீயராகிய பெயர்ட் ஸ்மித் என்பார் சென்னை ராஜதானியின் 14 ஜில்லாக்களில் 53,000 ஏரிகள் இருந்தனவென்றும், அவற்றுள் 10,000 பழுதுபட்டுக் கிடந்தனவென்றும் கணக்கிட்டார்.

இதற்கு அன்றைய துரைத்தனம் கண்ட பரிகாரங்களுள் ஒன்று 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம். ஏரி, ஆற்றுக் கரைகள் உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து வேலைக்கு வராதவனிடம் அவ்வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு தண்டவும் இடங்கொடுத்தது. தன் ஏரி எனக் கருதித் தானே வந்தவனைத் தண்டத்திற்கு அஞ்சி வரும்படி செய்தால், தண்டம் இல்லாத நாளில் அவன் வருவானோ?

இனிக் கிணற்றின் கதையைக் காண்போம். குடியானவன் மனத்தை அளந்தறிய இதனினும் சிறந்த சான்று இல்லை. கோயம்புத்தூர் முதலிய மேட்டுச் சீமைகளில், கிணறு வெட்டித் தோட்டமாக்கிய நிலத்திற்குப் புன்செய்யைக் காட்டிலும் கூடுதலான தீர்வை விதிக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. பாறையை உடைத்து, கவலை பூட்டி, மாடு தேய்ந்து, மனிதன் தேய்ந்து விளைத்த விளைவில் சர்க்காருக்கும் பங்கு வேண்டுமென்றால், எவன் மண்வெட்டியை எடுப்பான்? 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், குடி தன் சொந்தச் செலவிற் செய்த திருத்தத்திற்குத் தீர்வையை உயர்த்துவதில்லை என்னும் கொள்கை சென்னை ராஜதானியில் ஏற்பட்டது. தோட்டங்களின் அதிகத் தீர்வையும் நாளடைவிற் குறைந்து ஒழிந்தது. அதன்பின் அம்மேட்டுச் சீமையிற் கிணறுகள் பெருகின. கல்லுடைத்த கை அதே கைதான். மனமும் அதே மனந்தான். நீங்கியது அச்சம் ஒன்றே.

நிற்க, கடனாக வந்த சர்க்கார் பணத்தைப் பற்றிக் கூறுவாம். அதற்குத் தக்காவி என்று பெயர். வலிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, மொகலாயர் ஆட்சியில் வழங்கி, கும்பினியார் கைக்கு வந்தது அச்சொல். குடிக்கு வலிமையூட்டும் பணம் என்பது அதன் கருத்து. பெயர் நல்ல பெயர்தான்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருஷப் பஞ்சத்தை இங்கே நினைவுகூர வேண்டும். அதன்பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் ஏற்பட்ட பஞ்சக் கமிஷன் 1880இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாய் 1871ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும், விதை, உழவுமாடு முதலியவற்றிற்காக 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் பிறந்தன. முதற்சட்டத்தை இன்று படிப்போர் அதன் விரிவைக் கண்டு வியப்பர். கிணறும் குளமும் மட்டுமல்ல, வடிகால் அமைத்தல், வெள்ளத்தினின்றும் நீர் அரிப்பினின்றும் நிலத்தைக் காத்தல், கரம்பைத் திருத்துதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கின. திருப்பிச் செலுத்த 35 ஆண்டுகள் வரை தவணை தரலாம். அக்கடனாற் செய்த திருத்தத்திற்குக் குறித்த காலம் வரை தீர்வை உயர்த்தலாகாது என்னும் பாதுகாப்பும் இருந்தது. லேவாதேவிக்காரரின் வட்டியை நோக்க இதன் வட்டி மிகக் குறைவு.

இத்துணை நன்மையும் இருந்தும், வேண்டிய அளவு அப்பணம் வாங்கப்படவில்லை. உழவர் வட்டி மிகுந்த சாகுகாரன் வீட்டு வாயிலிலேயே நின்றனர். ஏன்? 1895இல் விவசாய பாங்குகளைப் பற்றி ஆராய்ந்து எழுதிய பிரெடரிக் நிக்கல்ஸன் முதல், 1901 தொடங்கி 1903 வரை விசாரணை செய்த நீர்ப்பாசனக் கமிஷனார் வரை பலரும் இவ்வினாவை எழுப்பினர். அவர்கள் ஆராய்ச்சியும் நம் பெரியோர் சொற்களும் ஒத்துக்கூறும் காரணங்கள் இவை.

முதலாவது, தாமதம். மனு எழுதுதல், கர்ணம் கணக்கு, ரெவினியூ இன்ஸ்பெக்டர் பார்வை, தாசில்தார் உத்தரவு என ஒவ்வொரு படியும் ஏறி முடிவதற்குள் கிணறு வெட்டும் கோடை கழிந்துவிடும். இரண்டாவது, ஒவ்வொரு படியிலும் வைக்கவேண்டிய காணிக்கை. குறைந்த வட்டியும் அதனோடு கூட்டிப் பார்த்தால் குறைந்ததாய் இராது. மூன்றாவது, வசூல். இக்கடன் நிலத்தீர்வைப் பாக்கியைப் போலவே வசூலிக்கத் தக்கது. சாகுகாரன் கொடியவனேயாயினும், மழை பொய்த்த ஆண்டில் வட்டியை ஏற்றிக்கொண்டேனும் பொறுப்பான். கச்சேரிக் கெடுவோ நாள் தவறாது. நான்காவது, கடன் நிலத்தின் ஜாமீன்மேல் வருவது. ஆகவே பட்டாதாரனே அதனைப் பெற முடிந்தது. நிலத்தை உண்மையில் உழுத வாரக்குடிக்கு அக்கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது.

எம் குடும்பத்துச் செய்தி ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். எம் பாட்டனார் 1929ஆம் ஆண்டிற் கிணறு ஒன்றிற்காகத் தக்காவி வாங்கினார். முப்பதடி ஆழத்திற் கரும்பாறை கண்டது, ஊற்று வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் உலகெங்கும் விலை வீழ்ந்தது. நம் நாட்டிலும் தானியம் விலைபோகவில்லை. தவணைத் தொகையோ வீழவில்லை. தண்ணீர் இல்லாத கிணற்றிற்குத் தவணை கட்ட எம் பாட்டியார் தம் கைவளையைக் கழற்றினார். அதுவும் போதாமல் வெண்கல அண்டா ஒன்று ஜப்தியாயிற்று. அதைத் தூக்கிச் சென்ற சேவகர்மேல் பாட்டனார் ஒருநாளும் பழி கூறியதில்லை. "கடன் வாங்கினோம், கொடுத்தோம்" என்பார். ஆனால் அவர் ஆயுள் உள்ளவரை, சர்க்கார் முத்திரையிட்ட எந்தத் தாளிலும் கையெழுத்திட மறுத்தார். அவர் மக்களும் அவ்வாறே வளர்ந்தனர். பிற்காலத்தில் இனாமாகவே கொடுத்த உதவியையும் எம் வீட்டார் இரண்டு தலைமுறை தீண்டவில்லை. இதனை அறியாமை என்பதா, அறிவு என்பதா? அனுபவம் என்பதே பொருத்தம். அண்டாவின் நினைவு சட்டப் புத்தகத்தினும் நீண்ட ஆயுள் உடையது.

சுதந்திரத்திற்குப் பின் மண்ணரிப்பைத் தடுக்கும் முயற்சி தனிச் சட்டமாகவே உருக்கொண்டது. சரிவான நிலத்திற் சம உயரமான இடங்களை இணைத்துக் கரை போட்டால், ஓடும் நீர் வேகம் குறைந்து மண் தங்கும். இதுவே சம உயர வரப்பு. பம்பாய் மாகாணம் 1942இலேயே நில அபிவிருத்தித் திட்டச் சட்டம் இயற்றியிருந்தது. சென்னையில் 1949இல் சம உயர வரப்பும் பள்ளமும் அமைப்பதற்கான சட்டம் வந்தது. 1959இல் அதனினும் விரிந்த நில அபிவிருத்தித் திட்டச் சட்டம் ஏற்பட்டது. இம்முறையின் சாஸ்திரம் குற்றமற்றது. ஆனால் குடியானவன் நின்று நோக்கும் இடம் வேறு. சம உயர வரப்பு பட்டா எல்லையை அறியாது. நீரின் வழியை மட்டுமே அறியும். நாலு ஏக்கர்க்காரனுடைய நிலத்தைக் குறுக்கே வெட்டி, கரையின் அகலத்தை விளைச்சலினின்று விலக்கி, ஏர் திரும்பும் வழியையும் மாற்றும். பயனோ சில ஆண்டுகள் சென்றபின். அதிலும் ஒரு பங்கு கீழ்க்காட்டுக்காரனுக்கு. தன்னைக் கேளாது பிறர் கோடிட்டுப் போட்ட கரையைத் தன் கரையென ஒருவன் எண்ணிப் பாதுகாப்பானோ? அருகிலிருந்து காரணத்தை எடுத்துச் சொல்லி, ஏர் திரும்ப இடம்விட்டு, அவன் கையாலேயே மண்ணை அணைக்கச் செய்தால் அக்கரை நிற்கும். இல்லையேல் அடுத்த உழவிலேயே கரையத் தொடங்கும்.

இதுகாறும் குடியானவன் பக்கத்து நியாயத்தைக் கூறினோம். இனி அவன் குற்றத்தையும், அதாவது நம் குற்றத்தையும், கூறவேண்டும்.

அஞ்சத் தக்க பணத்திற்கு அஞ்சியது சரியே. ஆனால் அஞ்ச வேண்டாத பணம் வந்தபோது நாம் செய்தது யாது? ஏரியைப் பொதுப்பணி இலாகா பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கைகட்டி நின்றோம். மதகு உடைந்தால் மனு எழுதினோம்; மண்வெட்டியை எடுக்கவில்லை. கிணற்றிலும் ஆழ்துளையிலும் தண்ணீர் கண்டவன் ஏரியை மறந்தான். நீர்ப்பிடிப்பில் நிலம் பிடித்தவன் அயலானாயின் புகார் எழுதினோம், நம்மவனாயின் வாய்மூடினோம். இன்றும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன. அவற்றுட் பலவற்றின் வரத்துக்கால் தூர்ந்து போனதற்குக் கச்சேரி ஒன்றே காரணமென்று நெஞ்சில் கைவைத்துக் கூற நம்மாற் கூடுமோ?

2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தமிழக அரசாங்கம் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாய்ச் செலவில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆயக்கட்டுக்காரர் சங்கங்களின் வாயிலாக வேலை நடத்தல், மதிப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஊரார் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் என்பன அதன் முக்கியமான ஏற்பாடுகள். அதே ஆண்டில் ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. தாளில் நோக்கின், நூறாண்டுகளாய்க் குடியானவன் கேட்டதெல்லாம் இதில் உண்டு: கடன் இல்லை, ஜாமீன் இல்லை, ஜப்தி இல்லை, செலவு செய்யும் அதிகாரமும் ஊரார் கையில். அவ்வாறிருந்தும், சில இடங்களில் ஊரார் சங்கம் பெயரளவில் நின்று, காண்டிராக்டரே வேலை எடுத்தனர் என்னும் புகார்கள் எழுந்தன. பத்துப் பங்கை ஊரார் தாராது காண்டிராக்டர் தந்துவிட்டால், அந்த ஏரி மறுபடியும் எவருடையது?

அப்பத்துப் பங்கிலேதான் இக்கட்டுரையின் கருத்து முழுதும் அடங்கியுள்ளது. முழுச்செலவும் குடிமேல் விழுந்தபோது அவன் ஒடிந்தான். முழுச்செலவும் கஜானாவின்மேல் விழுந்தபோது அவன் விலகினான். கடனாய் வந்தபோது அஞ்சினான். இனாமாய் வந்தபோது அலட்சியம் செய்தான். தன் பங்கும் தன் சொல்லும் கலந்திருந்த இடத்தில் மட்டுமே, வேலை முடிந்த மறுவருஷமும் கரையைப் போய்ப் பார்த்தான். உழவனுக்கு உதவ நினைக்கும் அரசாங்கம் எதுவாயினும் அறியவேண்டிய பாடம் இஃதொன்றே. உதவி பெறும் உழவனும் அறியவேண்டிய பாடம் இதுவே.

சங்கத்து அன்பர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது சிறிது. உங்கள் ஊர் ஏரிக்கோ, மேட்டுக்காட்டு வரப்பிற்கோ, பண்ணைக்குட்டைக்கோ உதவித்தொகை உண்டென்று கேட்டால், பாட்டனார் காலத்து அச்சத்தால் அதனைத் தள்ளிவிடாதீர். கடனா இனாமா, ஜாமீன் உண்டா, தவறினால் வசூல் எவ்வாறு என்பதைத் தாளைப் படித்துத் தெளிந்தபின் கையெழுத்திடுங்கள். படிக்க இயலாத முதியோர்க்கு நம் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். ஊர்க்கூட்டம் போட்டால் நம் குலத்தார் மட்டும் கூடித் தீர்மானிக்காதீர். ஏரி நீர் குலம் பார்த்துப் பாய்வதில்லை. குத்தகைக்கு உழுபவனும், நிலமில்லாது மண் சுமப்பவனும் அக்கூட்டத்தில் உட்கார்ந்து பேசட்டும். சுமப்பவனுக்குரிய கூலி குறையாது சேரட்டும். பத்துப் பங்கை நாமே தருவோம். வேலை நடக்கும் நாளில் கரைமேல் நாமே நிற்போம். கணக்கை ஊர்ப்பொதுவிற் படிக்கச் செய்வோம்.

எம் பாட்டனார் வெட்டிய அந்த வறண்ட கிணறு இன்றும் எம் காட்டில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஊர் ஏரியைத் தூரெடுத்துக் கரை கட்டினர். எம் வீட்டிலிருந்தும் இருவர் மண்வெட்டி எடுத்துச் சென்றனர். அடுத்த ஐப்பசி மழைக்குப் பின், அக்கிணற்றின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைக் கண்டோம். பாட்டியார் கழற்றிய வளைக்கு அது வட்டியாகாது. ஆயினும், அதனைக் கண்ட அன்றுதான் எம் வீட்டார் மூன்றாந் தலைமுறையில் முதன்முதலாக ஒரு சர்க்கார்த் தாளில் கையெழுத்திட்டனர். படித்துப் பார்த்த பின்னரே இட்டனர்.